வாலு ஏன் கோல் அடிப்பதில்லை

மருந்துக்கடைக்காரிக்கு ஒரு பழக்கம். யார் எப்படி நடந்துகொண்டாலும் அதற்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுக்காமல் போனால் ரத்தக் கொதிப்பு. புருஷன் தட்டில் கை வைத்தபடி யோசித்தால் வாயு. அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்த மகளுக்கு என்ன கேடு என்று மட்டும் பிடிபடவில்லை.

மகளுக்கு எட்டு வயது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வாலு என்றால்தான் திரும்புவாள். வீட்டில் பீரோக் கதவுதான் அவளுக்கு கோல் போஸ்ட். அடி வாங்கி வாங்கி அது அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை ஃபுட்சால் என்கிற குட்டி ஃபுட்பால் வகுப்பிலும் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிக் குறிபார்த்து அடிக்கச் சொன்னால் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மேட்ச் என்று வரட்டும், கோல் வாசல் வரை பந்தைக் கொண்டுபோய், நின்று, திரும்பிப் பார்த்து, பின்னால் யாருக்கோ தள்ளிவிடுகிறாள்! போன மேட்சிலும் இதே கூத்து, அதற்கு முந்தினதிலும் இதே கூத்து என்று கூட்டிப்போன புருஷன் வந்து சொன்னான்.

"பயம்தான். வேற என்ன?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"இவளுக்கா? கரப்பான்பூச்சிய மீசையப் புடிச்சுத் தூக்கிட்டுப் போய் வெளிய போடுறா," என்றான் புருஷன்.

"கரப்பான் வேற, கோல் வேற. நீங்க சும்மா இருங்க."

மகளையே கேட்டுப் பார்த்தாள். "ஏண்டி, வாசல்ல நின்னுக்கிட்டு அடிக்காம வர்ற?"

"அடிக்கக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு வாலு தெருவுக்கு ஓடிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையைத் தாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடிக்கக் கூடாதா? எவன் சொன்னான்? சின்னப் பிள்ளை என்று மட்டம் தட்டுகிறார்களா? பிள்ளையோ ஃபுட்சால் ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இருந்தாலும் என்ன, பிள்ளையை நசுக்குகிற இடம் என்று தெரிந்தால் இன்றோடு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். அப்படித் தீர்மானித்துக்கொண்டு, கடை ஷட்டரை இழுத்துவிட்டு, அன்றைய மேட்சுக்குத் தானே கிளம்பினாள்.

ஆடுவது ஒரு சின்ன ஹாலில். பக்கத்துக்கு ஐந்து பேர், கீப்பரையும் சேர்த்து. பந்து கனமானது, கீழே போட்டால் துள்ளாது, சோம்பேறி மாதிரி காலடியிலேயே கிடக்கும். கோச் வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், சனிக்கிழமை மட்டும் கழுத்தில் விசில். "ஜாலியா ஆடுங்கடா!" என்று அவர் கத்துவதைக் கேட்டால் யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கும்.

வாலுவின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. அப்போது வாலு இரண்டு பேரை ஏமாற்றி, உள்ளங்காலால் பந்தை இழுத்துக்கொண்டு முன்னேறினாள். எதிரணிக் கீப்பர் தடுக்கி விழுந்தான். வாசல் திறந்து கிடந்தது.

"அடிடீ!" மருந்துக்கடைக்காரியின் குரலில் ஹாலே அதிர்ந்தது.

வாலு பந்தின் மேல் காலை வைத்தாள். திரும்பினாள். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஒரு பெண்ணுக்குத் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளைக்குக் கொட்டாவி என்றே பெயர். பந்து அவள் முழங்காலில் பட்டு வெளியே ஓடியது.

கோச் டைம் அவுட் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரி கீழே இறங்கி வந்துவிட்டாள்.

"கோச் சார், எம்பொண்ண கோல் அடிக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? அதச் சொல்லுங்க. இல்லேன்னா இன்னையோட நிறுத்திக்கிறோம்."

"அடக் கடவுளே! அடி அடின்னு கத்தி எனக்குத் தொண்டையே போச்சுக்கா!"

இருவரும் வாலுவைப் பார்த்தார்கள். வாலு இருவரையும் மக்குகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"கொட்டாவி இன்னும் பந்தத் தொடவே இல்லயே. முழங்கால்ல பட்டதெல்லாம் சேத்தியா? எல்லாரும் தொட்டப்புறம்தான கோல்?"

கோச் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது பிராக்டீஸுக்கு நான் வெச்ச ரூல்கா! ஒருத்தரே பந்த வெச்சுக்கிட்டு ஓடக் கூடாதுன்னு வாராவாரம் சொல்லுவேன். மேட்ச்ல அது கிடையாதுன்னு சொன்னேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல."

"போன மேட்ச்ல மத்த பசங்க அடிச்சாங்களேடி?"

"அவங்க அழுகுணி ஆட்டம் ஆடுறாங்கம்மா."

கோச் முட்டி போட்டு உட்கார்ந்தார். "கண்ணு, மேட்ச்ல அந்த ரூல் இல்லடா. நீ தாராளமா அடிக்கலாம்."

வாலு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கொட்டாவி எப்பத்தான் தொடுவா?"

மருந்துக்கடைக்காரி கொட்டாவியைப் பார்த்தாள். இப்போது அவள் கொட்டாவி விடவில்லை, வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரத்தில் அந்தப் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்தது வாலு ஒருத்திதான் என்பது மருந்துக்கடைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இதைப் போய் நோய் என்றோமே!

மருந்துக்கடைக்காரி பெஞ்சுக்குத் திரும்பினாள். விசில் ஒலித்தது. வாலு அணியின் கீப்பர் பிடித்து உருட்டிவிட்ட பந்து ஒவ்வொரு காலாக மாறி மறுபடி வாலுவிடம் வந்தது. மறுபடியும் வாசல் திறந்து கிடந்தது. வாலு தயங்கினாள். அடிக்கலாம் என்று கோச்சே சொல்லிவிட்டாரே.

"அடி! அடி!" என்று பெஞ்சில் இருந்த பெற்றோர் எல்லாரும் கத்தினார்கள்.

மருந்துக்கடைக்காரி எழுந்து நின்றாள். "அடிக்காதடீ! கொட்டாவி இன்னும் தொடல!"

ஹால் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. வாலு தள்ளிவிட்டாள். கொட்டாவி பந்தை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தினாள். ஓர் எதிரணிப் பையன் பாய்ந்து வருவதற்குள் எப்படியோ திருப்பிக் கொடுத்தாள். வாலு வைத்த அடியில் வலை குலுங்கியது.

அந்த ஒரு கோல்தான். மேட்ச் என்னவோ தோல்விதான்.

கோச் தயங்கித் தயங்கி வந்தார். "அப்ப... இன்னையோட நிறுத்துறீங்களாக்கா?"

"அதெல்லாம் அப்புறம்," என்றாள் மருந்துக்கடைக்காரி, கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில். "கீப்பர் தொடுறது கணக்குல வருமா வராதா? முதல்ல அதச் சொல்லுங்க."

கோச் தலையைச் சொறிந்தார். ரூல் வைத்த மனிதர், அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

"வரும்மா," என்றாள் வாலு, ஷூவைக் கழற்றியபடி. "அவன் மட்டும் தனியா அங்க நிக்கிறானே, பாவம்."