ஏற்கெனவே சாப்பிட்ட மண்

பேராசிரியர் தன் வீட்டுத் தோட்டத்து மண்ணைத்தான் என் ஆய்வுக்குக் கொடுத்திருந்தார். "உரமே காணாத மண்மா இது."

குடுவைகளில் பாஸ்பேட் என்ற உரச்சத்தின் கரைசலை ஊற்றி மண்ணோடு குலுக்கினேன். மண் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, சமன்பாட்டால் கோடு போட வேண்டும். கரைசல் நீர்த்திருந்த முதல் மூன்று குடுவைகளில் மண் எதையும் பிடிக்கவில்லை. தன்னிடம் இருந்ததையும் வெளியே விட்டிருந்தது.

"குடுவைய ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட. அந்த மூணையும் தூக்கிப் போடு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுபடி கழுவி, மறுபடி செய்தேன். அதே விடை. எங்கள் சமன்பாடு மண்ணை வெறும் வயிறு என்று நம்புகிறது. அது முன்பே மூக்குமுட்டத் தின்றிருந்தால்? தின்ற அளவையும் சமன்பாட்டில் சேர்த்தேன். கோடு ஒரு புள்ளியையும் விடாமல் தொட்டுக்கொண்டு ஏறியது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"சார், இந்த மண்ணுக்கு யாரோ அள்ளி அள்ளி உரம் போட்டிருக்காங்க."

"என் வீட்ல யாரு போடுவா?" என்று அங்கேயே மனைவிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "பின்ன, உங்க மூஞ்சியப் பார்த்தா ரோஜா பூக்குது?"