வேறு தலைப்பில் வந்த பணம்

டி பிளாக்கின் மூன்றாவது மாடி சன்ஷேடு பெயர்ந்து விழுந்தபோது வரதன் அதற்கு நேர் கீழே குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தான். காலை ஏழரை மணி. ஐப்பசி மழை மூன்று நாள் அடித்து ஊற்றிவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முதலில் மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்துப் பின்னால் சாய்ந்ததில் தலை தப்பியது. வலது கால் தப்பவில்லை. வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்த ரமாபாய் ஓடிவந்து பார்த்தாள். புருசனின் முழங்காலுக்குக் கீழே கான்கிரீட் கிடந்தது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி, கை பட்டால் உதிர்கிற அளவுக்குத் துருவேறியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஒம்போது வருசமா சொல்லிக்கினு கீறேனே, பாவிங்களா!" என்று ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக் கத்தினாள்.

கிளிஞ்சல்மேடு திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் விடியவிடிய நகராத கன்டெய்னர் லாரி வரிசை. நடுவே குடிசை மாற்று வாரியம் எப்போதோ கட்டிக் கொடுத்த நான்கு பிளாக்குகள். உப்புக்காற்று சுவரைத் தின்று தின்று, செங்கல் வெளியே தெரியாத வீடே கிடையாது. ரமாபாய்க்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. காலியாகத் திரும்பி வரும் கன்டெய்னர்களுக்குள் இறங்கித் தண்ணீர் அடித்துத் தேய்த்துக் கழுவவேண்டும். ஒன்றில் தோல் நாற்றம், இன்னொன்றில் மூக்கை எரிக்கும் ஏதோ பொடி. "கப்பல்ல போற பெட்டிக்கு இத்தினி மரியாத. நாம கீற பெட்டிய எவன்டி பாக்கறான்?" என்று கூட வேலை செய்கிறவளிடம் சொல்லுவாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

டி பிளாக்கை ஒட்டிய காலி இடத்தில்தான் பன்னிரண்டு புது வீடுகள் எழும்பியிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் நகராட்சி இன்ஜினியர் ஜெயவேல் அங்கே சுண்ணாம்புக் கோடு போட வந்தபோது, கக்கூஸ்தான் கட்டப்போகிறார்கள் என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ரமாபாய்தான் போய்க் கேட்டாள். ரயில்வே பாலத்துக்கு அடியில் இருக்கிற, தொழுநோய் வந்து குணமானவர்களுக்கு வீடு என்றான் அவன்.

"எங்க செவுரு இடிஞ்சி வுழுது. அத்த வுட்டுட்டு இது இன்னா சார் நாயம்?"

"அம்மா, உங்க பிளாக்கு வாரியத்துது. நகராட்சி அதுல ஒரு சட்டி சிமென்டு போட முடியாது. இது அவங்களுக்குன்னே மேலேருந்து வந்த பணம். பட்ஜெட்ல வேற தலைப்பு. இதை எடுத்து அதுல போட்டா என் வேலை போயிடும்."

"அப்போ எங்க தலைப்பு எங்க சார் கீது?"

ஜெயவேல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

மறுநாளே மனு தயாரானது. முதல் கையெழுத்து ரமாபாயுடையது. 'நோய் எங்கள் பிள்ளைகளுக்குத் தொற்றும்' என்று எழுதச் சொன்னதும் அவள்தான். சுகாதாரத்துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது என்று பொறுமையாக விளக்கினார். ரமாபாய்க்கு அது புரிந்தது. அந்தம்மா சொல்வது நிஜம் என்றும் தெரிந்தது. ஆனால் 'ரிப்பேர் பண்ணுங்க' என்று ஏழு வருடம் எழுதிய மனுவுக்கு ஒரு பியூன்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. 'தொத்திக்கும்' என்று எழுதியதும் தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, பேப்பர்காரன் வந்தான். எந்தச் சொல்லுக்கு ஆபீசு அசையும் என்று அவள் கண்டுகொண்டாள். அவளுக்கு அம்பேத்கர் மனைவியின் பெயரை வைத்த அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தனி டம்ளரில் டீ கொடுத்த கடைக்காரன் முகத்தில் அந்த டீயையே வீசியவர். மனுவில் கையெழுத்துப் போடும்போது அவர் ஞாபகம் வரத்தான் செய்தது. ஞாபகத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேனாவை அழுத்தினாள்.

வீடு பார்க்க ஒரு முறை அவர்களை வேனில் கூட்டிவந்தபோது டி பிளாக்கிலிருந்து கல் பறந்தது. வேன் திரும்பிப் போனது. வீடுகள் முடிந்து, நீலப் பெயின்ட் அடித்து, எட்டு மாதமாகப் பூட்டுத் தொங்கியது.

இப்போது, சன்ஷேடு விழுந்த பிறகு, டி பிளாக்கின் சுவரில் சிவப்பு எழுத்தில் 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று எழுதிவிட்டார்கள். மாற்று இடம் கேட்டதற்கு, வாரியம் நகராட்சியைக் கேட்கச் சொன்னது. நகராட்சி வாரியத்தைக் கேட்கச் சொன்னது. ஸ்கூலில் நாலு நாள் படுத்தார்கள். அஞ்சாம் நாள் பரீட்சை என்று ஹெட்மாஸ்டர் கைகூப்பினார். தொடைவரை மாவுக்கட்டோடு வரதனை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கிடத்தி நடுரோட்டில் நிறுத்தியபோது, ரமாபாய் வண்டியிலிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக நடந்தாள். கதவு எண் மூன்று. ரெண்டே அடியில் பூட்டு தெறித்தது. அவள் பின்னாலேயே வந்த மற்றவர்கள் மிச்சப் பூட்டுகளை உடைத்தார்கள்.

உள்ளே சுவர் ஈரமில்லாமல் இருந்தது. வரதன் பாயில் படுத்தபடி கூரையையே வெகுநேரம் பார்த்தான். "ஒரு விரிசல் கூட இல்ல, ரமா" என்றான்.

பூட்டு உடைத்த எட்டாவது நாள் மத்தியானம் வேன் வந்தது. ஜெயவேலோடு இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு போட்டோகிராபரும் இறங்கினார்கள். பின்னால் மூட்டை முடிச்சோடு பன்னிரண்டு பேர். கல்லெறிய யாரும் போகவில்லை. எல்லோரும் அவரவர் பிடித்த வீட்டு வாசலில் நின்றார்கள். மூன்றாம் எண் வாசலுக்கு வந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் அடைக்கலமேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நோயோடு துரத்தப்பட்டு வந்து முப்பது வருடம் பாலத்தடியில் கழித்தவள். விரல்கள் பாதியில் நின்ற இரண்டு கைகளுக்கு நடுவே ஒதுக்கீட்டு ஆணையை இடுக்கியிருந்தாள்.

"மூணாம் நம்பர். எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள்.

"என் புருசன் உள்ள காலு ஒடிஞ்சி கீறான். போயிடு."

"நான் எங்க போவ?"

"இத்தினி நாளு எங்க இருந்தியோ அங்க."

"அங்க கம்பி வேலி போட்டுட்டானுவ. வீடு குடுத்தாச்சுல்லா, இனி ஒனக்கு இங்க என்ன சோலின்னு கேக்கானுவ." குரலில் கெஞ்சல் இல்லை. "கல்லெறிஞ்ச அன்னைக்கே ஒன்னப் பாத்து வச்சிருக்கேன்."

ஜெயவேல் நடுவில் வந்தான். முகமெல்லாம் வியர்வை. போலீஸ்காரர்கள் வேன் நிழலை விட்டு அசையவில்லை. காலி செய்யச் சொல்லப்போகிறான் என்று ரமாபாய் கடப்பாரையைக் கையில் எடுத்தாள். அவனோ குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அம்மா, வீடு ஒப்படைச்ச போட்டோ நாளைக்குள்ள மேல போகணும். போகலைன்னா மிச்சப் பணம் வராது. ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க. எடுத்துக்கறேன். அப்புறம் நீங்க உள்ளேயே போயிக்கலாம்."

ரமாபாய்க்கு முதலில் புரியவில்லை. "அப்போ இந்தம்மா?"

"அது அடுத்தது. கலெக்டர் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

அவள் தள்ளி நின்றாள். அடைக்கலமேரியின் கையில் சாவியைக் கொடுத்தார்கள். அது நழுவி நழுவி விழுந்தது. மூன்றாம் தடவை போட்டோகிராபரே அதை அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே செருகி, "சிரிங்க பாட்டி" என்றான். அவள் சிரிக்கவில்லை. பிளாஷ் அடித்தது. இப்படியே பன்னிரண்டு வாசலிலும் அடித்தது. வேன் போய்விட்டது. மற்ற பதினொரு பேரும் மூட்டைகளோடு பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு ஒதுங்கினார்கள். அடைக்கலமேரி மட்டும் மூன்றாம் எண் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எயுந்திரு. மேல தண்ணி ஊத்துவேன்."

"ஊத்து. குளிச்சு நாலு நாளாச்சு."

ரமாபாய் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். உள்ளேயிருந்து வரதன், "ரமா, வேணாம், பாவம்" என்றான்.

"நீ சும்மா கெட. நீ நடு ரோட்டுல கெடந்தப்போ எவன் பாவம்னான்?"

அடைக்கலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியிலிருந்த சோற்றுப் பருக்கைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே இருந்தாள். வெளியே போகவும் வரவும் ரமாபாய் அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டும்போதெல்லாம் புடவையை ஒதுக்கிப் பிடித்தாள். மூன்றாவது தடவை பிடிக்க மறந்தது. மறந்ததற்காக இன்னும் ஆத்திரப்பட்டாள்.

அஞ்சு மணிக்குக் கடல் பக்கமிருந்து மழை சாய்ந்தடித்தது. சாரல் நேராக வீட்டுக்குள் வந்து வரதனின் பாயை எட்டியது. கட்டு நனையக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ரமாபாய் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அது முழுசாகச் சேரவில்லை. புது மரம், மழைக்கு ஊதியிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்து அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் இரண்டையும் ஊன்றி அழுத்தினாள்.

"மழ இன்னைக்கு விடாது போலிருக்கு" என்றாள் வெளியேயிருந்து அடைக்கலமேரி, ரோட்டைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல.

ரமாபாய் குனிந்து பார்த்தாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அடைக்கலமேரியின் கை இருந்தது. சாய்ந்துகொள்ளப் பிடித்த கை, பிடித்தபடியே நசுங்கியிருந்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோயில் மரத்துப்போன அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை என்று ரமாபாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா ரமா, சாத்திட்டியா?" என்றான் வரதன்.

ரமாபாயின் தோள் இன்னும் கதவின்மேல்தான் இருந்தது. மழைத் தண்ணீரோடு கலந்த ஒரு சிவப்பு இழை வாசற்படியைத் தாண்டி, சிமென்டுத் தரையின் சரிவில் உள்பக்கமாக ஓடிவந்துகொண்டிருந்தது.