தெரிந்த மூவர்

காலை ஐந்தே முக்காலுக்கு ஒரகடம் சாலையில் முதல் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குக் கால்மணி நேரம் முன்பே சந்தனமாரி தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே நின்றாக வேண்டும். கழுத்தில் சணல் கயிற்றில் எழுதுபலகை தொங்கும், அதில் ஒரு கட்டுக் குலுக்கல் சீட்டு, நூலில் கட்டிய பேனா. டிப்பர் லாரிகள் கிளப்பிய புழுதி பல்லில் நறநறத்தது. பனியில் சீட்டெல்லாம் நமுத்துக் கிடந்தது. பேனா எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்க, அவள் முனையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். சிவந்த கண்கள், சட்டையெல்லாம் கிரீஸ் வாடை. கேட்டிலிருந்து பஸ்சுக்கு நூறு தப்படி தூரம். அந்த நூறு தப்படிக்குள் ஒருவனை நிறுத்தி, பெயர், வயது, படிப்பு, சொந்த ஊர், அறை முகவரி, போன் நம்பர், தெரிந்த மூவர் பெயர், கையெழுத்து எல்லாம் வாங்கிவிட வேண்டும். சொந்தமாக போன் இருப்பவன் நூற்றில் நாலு பேர். மற்றவர்கள் வீட்டுக்காரரின் நம்பரையோ தெருமுனைக் கடையின் நம்பரையோ பி.பி. நம்பர் என்று எழுதுவார்கள்.

"குலுக்கல் சார், தங்கக் காசு சார்" என்று கூவினால் ஒருவனும் திரும்பமாட்டான். சந்தனமாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"எந்த ஊருண்ணே?"

நடந்துகொண்டிருந்த கால் நின்றுவிடும். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து, எட்டுக்கு எட்டு அறையில் ஆறு பேராகப் படுத்து எழும் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை வேறு யார் கேட்கிறார்கள்? களக்காடு என்பான், விளாத்திகுளம் என்பான். அவள் அந்த ஊரில் ஒரு கோயிலையோ கடையையோ சொல்வாள். அவன் பேனாவை வாங்கிவிடுவான்.

'நிறைகுடம்' குடிநீர்க் கருவி கம்பெனி தெற்கத்திப் பிள்ளைகளாகப் பார்த்து வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான். "மெட்ராஸ் தமிழ் எதுவும் கத்துக்காதீங்க. உங்க வூட்ல பேசற மாதிரியே பேசுங்க" என்று மேனேஜர் ரகுபதி முதல் நாளே பாடம் நடத்திவிட்டார். ஊர்ப்பாசத்தையும் சரக்காக்கி விற்கத் தெரிந்த மனுஷன் அவர்.

அன்று நின்ற ஆள் பேனாவை வாங்கவில்லை. அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"போன மாசமும் நீதான கேட்ட? ஏர்வாடிக்குப் பக்கம்னு சொன்னியே."

"ஆமாண்ணே."

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரு மிஷினத் தூக்கிட்டு வந்துட்டானுவ. நைட் ஷிப்ட் பாத்துட்டுப் படுத்திருந்தேன். தவணைக்கு வாங்குதேன்னு கையெழுத்துப் போடுத வரைக்கும் அவனுவ எந்திரிக்கவே இல்ல. மூணு பேரு தெரிஞ்சவுக பேரு கேட்டியே, எழுதிக் குடுத்தேன்லா, அவனுவ ரூமுக்கும் போயிருக்கானுவ. இப்ப அவனுவ எங்கூடப் பேச மாட்டேங்கானுவ. நம்ம ஊருப் புள்ளன்னுதான தாயி எழுதிக் குடுத்தேன்?"

அவன் பஸ் ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அப்படியே அந்தப் பலகையைக் கழற்றிச் சாக்கடையில் வீசிவிட வேண்டும் போல இருந்தது. வீசிவிட்டு எங்கே போவது?

சேர்ந்தபோது நாளைக்கு முப்பது சீட்டு. பொங்கலுக்கு நாற்பது ஆனது, சித்திரையில் ஐம்பது. குறைந்தால் சாயங்கால ஷிப்டுக்கும் நிற்க வேண்டும், ஞாயிறு விடுமுறை போய்விடும். வேண்டாம் என்று போய்விடலாமே என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சேர்ந்த அன்றே வாங்கி, ரகுபதி தன் அறைப் பச்சை பீரோவில் பூட்டிவிட்டார். பதினான்கு மாதமாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் காகிதம் இல்லாமல் இந்தச் சாலையில் எந்தக் கேட்டும் திறக்காது.

வருகிற திங்கட்கிழமை மண்ணூரில் ஒரு வயர் கம்பெனியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. லைனில் நின்று வேலை செய்யலாம், யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. அசலோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை. முப்பத்தொரு சீட்டோடு ஸ்ரீபெரும்புதூர் ஆபீசுக்குத் திரும்பியவள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரகுபதி மேசை முன் போய் நின்றாள்.

"சார், என் சர்ட்டிபிகேட் வேணும்."

"தாராளமா வாங்கிக்கோ. உன் இடத்துக்கு ரெண்டு ஆளக் குடு."

"ஆளுக்கு நான் எங்க சார் போவேன்?"

"நீ எங்கயும் போவேணாம்." ரகுபதி சிரித்தபடி இழுப்பறையிலிருந்து சில சீட்டுகளை எடுத்துப் பரப்பினார். "இது உன் கையெழுத்துதானே?"

அவள் குனிந்து பார்த்தாள், அவள் எழுத்துதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை மழை. பன்னிரண்டு சீட்டு குறைந்தது. வடக்குப்பட்டு நிழற்குடையில் உட்கார்ந்து தானே எழுதினாள். இல்லாத பெயர்களை எழுதுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. இவளுக்கு அந்த நேரம் பொய்ப் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. சொந்த ஊர்த் தெருவில் வீடு வீடாக நடந்துபோவது போல எழுதிவிட்டாள். அம்மா கோமதியம்மாள், வயது நாற்பத்தாறு. தங்கை பாண்டிச்செல்வி, வயது பதினெட்டு, பத்தாம் வகுப்பு தேர்ச்சி. நம்பர், தளவாய் அண்ணாச்சி கடை. அவ்வளவு தூரத்துக்கு யார் போன் போடப் போகிறார்கள் என்ற நினைப்பு. பொய்ச் சீட்டில் மெய்யை எழுதிய மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

"நாலு நாள் முன்னாடியே பேசியாச்சு. அக்கா கம்பெனியிலயே வேலைன்னு நானே சொன்னதும் உன் அம்மாக்கு அவ்ளோ சந்தோசம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடும் உன் தங்கச்சி. அசல் எல்லாம் எடுத்துகினு வரச் சொல்லிட்டேன். இன்னும் ஒரு ஆளக் காட்டிட்டு நீ உன்னுத வாங்கிகினு போ."

"அவளக் கூப்பிடாதீங்க சார். நானே இருக்கேன்."

"நீயும் இரு. நான் வேணாம்னா சொன்னேன்?"

எதிர்ப்பக்க எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். தளவாய் அண்ணாச்சிதான் எடுத்தார். "அவ மத்தியானமே பஸ் ஏறிட்டாளே, மாரி. உங்கம்ம தெரு பூரா சொல்லிட்டுத் திரியுதா" என்றார். ரிசீவரை வைத்தாள். தன்னைப் பூட்டிய பீரோவுக்குத் தங்கையின் பெயரையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மாடிப்படியில் சசிரேகா உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மண்ணூர்ப் பெண். சீட்டிலுள்ள நம்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசுவது அவள் வேலை. சந்தனமாரி போய் அவள் முன்னால் நின்றாள்.

"நீதான பேசின?"

சசிரேகா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "நா இன்னா பண்ணுவேன்? எழுதிக் குட்த்தத படிச்சேன், அப்பறம் அவன் போன வாங்கிக்கினு என்ன வெளிய அனுப்சிட்டான். உன் தங்கச்சின்னு சத்தியமா எனக்குத் தெரியாது மாரி. என்னுதும் அதே பீரோலதான் கீது. கல்யாணத்துக்கு அப்பறமும் வேல பாக்கலாம்னு கம்ப்யூட்டர் படிச்ச சர்ட்டிபிகேட். ரெண்டு வாட்டி கேட்டேன். யாரு உன்ன தூண்டிவுட்டதுன்னு கேக்கறான்."

யாரைக் கேட்டாலும் அதுதான் கதை. போன மாதம் அருள்பாண்டி தனியாகப் போய்க் கேட்டான். யார் தூண்டியது என்று அரைநாள் நிற்க வைத்துவிட்டு, ஆளே நடமாடாத கேட்டுக்கு அவனை மாற்றினார் ரகுபதி. அதன்பிறகு எவரும் வாய் திறக்கவில்லை.

சந்தனமாரியின் கழுத்தில் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்த வெற்றுச் சீட்டையே வெகுநேரம் பார்த்தாள். பெயர். சொந்த ஊர். போன். என்ன பரிசு வேண்டும். தங்களுக்குத் தெரிந்த மூவர். கையெழுத்து.

"சசி," என்றாள், "இத நாம எழுதினா என்ன?"

அன்று பொழுது சாய்கையில், பென்னலூரில் கம்பெனி பிடித்திருந்த வீட்டின் வாசலில் பதினாறு பேர் கூடினார்கள். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள் என்று இருக்கும் வீடு. சோற்றுக்கு வரிசையில் நிற்கும் நேரம்தான் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நேரம். வீட்டுக்குப் போகாமல் சசிரேகாவும் வந்திருந்தாள்.

"ஆளுக்கு ஒரு சீட்டு எழுதுவோம்," என்றாள் சந்தனமாரி. "என்ன வேணும்ங்கிற எடத்துல, என் அசல் சர்ட்டிபிகேட் வேணும்னு எழுதணும். தெரிஞ்ச மூணு பேருங்கிற எடத்துல நம்மள்லயே மூணு பேரு. யாரு தூண்டினான்னு கேட்டா, எடுத்துப் பாத்துக்கிடட்டும்."

அருள்பாண்டி தட்டைக் கீழே வைத்தான். "ஏ மாரி, கிழிச்சுப் போட்டுட்டு வெளிய போன்னு சொன்னா? காகிதமும் போச்சு, படுக்க எடமும் போச்சு. ஒருக்கா பட்டவன் சொல்லுதேன்."

"நீ ஒருத்தனா போன அண்ணே. நாங்க கூட வரல. அது எங்க தப்பு."

அவன் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல ஒரு கேட்லயும் யாரும் நிக்காதீங்க," என்றாள் சசிரேகா. "சீட்டு வர்லன்னா நா யாருக்குப் போன் போடுவேன்? மிஷின எவன் வூட்டுக்குத் தூக்கினு போவான்? அவனுக்கு பீரோ கீது. அத்தோட சாவிதான் அவன் கைல கீது, மத்த எல்லாம் நம்ம கைலதான் கீது."

முதலில் தாவீதுதான் பேனாவைக் கேட்டான். பேசவே பேசாத பையன் அவன். இருட்டுவதற்குள் பதினோரு சீட்டு சேர்ந்தது, படுக்கும் முன் இன்னும் இரண்டு. அருள்பாண்டி எழுதாமல் படுக்கப் போனான். விடிகாலையில் பல் தேய்க்கப் போன சந்தனமாரியை நிறுத்தி, மடித்த சீட்டைக் கையில் திணித்தான். அவனோடு பதினான்கு, சசிரேகாவோடு பதினைந்து. இரண்டு பேர் எழுதவில்லை. அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழேகாலுக்குத் தாம்பரம் பஸ் ஸ்ரீபெரும்புதூர் நிறுத்தத்தில் வந்து நின்றது. மஞ்சள் பையும், நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் பைலுமாகப் பாண்டிச்செல்வி இறங்கினாள். அவள் கால் தரையில் படுவதற்குள் ரகுபதி முன்னால் வந்துவிட்டார்.

"வாம்மா. பிரயாணம்லாம் சவுகரியமா? அசல்லாம் கரெக்டா எடுத்தாந்தியா? குடு, நான் வெச்சுக்கறேன்."

பைல் நீண்டுவிட்டது.

"குடுக்காத பிள்ள!"

பாண்டிச்செல்வி திடுக்கிட்டுத் திரும்பினாள். அக்கா நின்றாள். அவளுக்குப் பின்னால் எழுதுபலகைகளோடு ஒரு கூட்டமே நின்றது.

ரகுபதி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி என்ன? கேட்ல நிக்காம இங்க என்ன வேலை உங்களுக்கு?"

"இன்னிக்குச் சீட்டு இங்கதான் சார் சேத்தோம்." சந்தனமாரி கட்டை நீட்டினாள். "பதினஞ்சு. எல்லாம் நெசமான பேரு. சரிபாத்துக்கிடுங்க."

அவர் முதல் சீட்டைப் படித்தார், அடுத்ததைப் படித்தார். முகம் கறுத்தது. "யார் ஆரம்பிச்சது இத?"

"சீட்ட நல்லாப் பாருங்க சார்," என்றான் அருள்பாண்டி. "ஒவ்வொண்ணுலயும் மூணு பேரு போட்டிருக்கு."

அவர் புரட்டினார். அருள்பாண்டி தாவீதைக் காட்டினான், தாவீது சசிரேகாவைக் காட்டினான், சசிரேகா சந்தனமாரியை. எங்கே தொட்டாலும் சுற்றி வந்தது. அவர் கட்டைக் கிழிக்கவில்லை. பஸ்சுக்கு நின்ற ஜனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து இறங்கிய நாலைந்து பேர் அருகில் வந்து, "இன்னா மேட்டரு?" என்று விசாரித்தார்கள்.

"ஒவ்வொருத்தரா ஆபீசுக்கு வாங்க. பேசிக்கலாம்."

"ஒவ்வொருத்தரா இல்ல சார். சேந்தேதான் வருவோம்," என்றாள் சந்தனமாரி.

"பீரோ திறக்காது. சொல்லிட்டேன்."

"தொறக்குத வரைக்கும் படியில உக்காந்திருப்போம். நீங்க எங்க ரூமுக்கு ஆள அனுப்புதீங்கள்லா, கையெழுத்து வாங்குத வரைக்கும் எந்திரிக்காம? எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

ரகுபதி கம்பெனி வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். வேன் ஆபீஸ் பக்கம் திரும்பியது. பீரோ இன்னும் பூட்டித்தான் இருந்தது. திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மாலையில் படுக்க இடம் இருக்குமா என்பதுகூட யாருக்கும் தெரியாது. சந்தனமாரிக்குப் பயம் போகவில்லை. ஆனால் பதினான்கு மாதத்தில் முதன்முறையாக அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வேனுக்குப் பின்னாலேயே சாலையோரமாக நடந்தார்கள்.

"அக்கா, வேலைன்னாங்களே?" என்றாள் பாண்டிச்செல்வி, பைலை இறுக்கியபடி.

நடந்துகொண்டே சந்தனமாரி எல்லாவற்றையும் சொன்னாள். தன் பொய்ச் சீட்டையும் மறைக்கவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரகுபதி உள்ளே தாழிட்டுக்கொண்ட கதவைப் பாண்டிச்செல்வி பார்த்தாள்.

"எனக்கும் ஒரு சீட்டு தாக்கா."

"உன் பைலு உன் கையிலதானளா இருக்கு?"

"இருக்கட்டும். தா."

முட்டியில் பலகையை வைத்து நிதானமாக எழுதினாள். பெயர், ஊர், தளவாய் அண்ணாச்சி கடை நம்பர். தெரிந்த மூவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் வரியில் அக்காவின் பெயரை எழுதினாள். இந்த ஊரில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது. இரண்டு வரிகள் காலியாகக் கிடந்தன.

பக்கத்துப் படியில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பேரு என்னக்கா?"

"சசிரேகா," என்றாள் அவள், நகர்ந்து இடம் விட்டு. "மண்ணூரு."