மறைக்காத கை

பட்டை போட்ட காப்பியை ஊற்றிக்கொண்டிருந்த ஒஃபேலியா, எதிரே நீண்ட கையைப் பார்த்ததும் தடுமாறினாள். கட்டைவிரலில் பாதி இல்லை. மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு.

அந்தக் கை அவளுக்கு மனப்பாடம். கடத்தல் கும்பலுக்காகக் கொலை செய்தவனைப் பற்றிய ஆவணப்படத்தில் அவன் முகத்தை மூடியிருந்தார்கள், குரலை மாற்றியிருந்தார்கள். மகா புத்திசாலிகள், கையை விட்டுவிட்டார்கள். "டயர் கடைக்காரன். ஆள் மாறிக் கொன்னுட்டேன். உடைஞ்ச காத்தாலைக்குக் கெழக்கே, சீமைக் கருவேல மரத்தடியில கெடக்கான்" என்று சொன்னபோது அந்தக் கைதான் திசை காட்டியது.

அதுவரை அம்மா வருடக்கணக்கில் காடுகரையெல்லாம் இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, பிண வாடைக்காக நுனியை முகர்ந்து திரிந்தாள். இப்போது டயர் கடை வைத்திருந்த தம்பி நபோர் கூடத்தில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, பெட்டிக்குள் இருக்கிறான். இத்தனை வருடத்தில் நேற்றிரவுதான் அம்மா தூங்கினாள்.

வாசலில் அண்ணன் எவெலியோ, இடுப்பில் துப்பாக்கியோடு நின்றான். ஒஃபேலியா ஒரு சத்தம் போட்டால் போதும், அதே கூடத்தில் இன்னொரு பிணம் விழும்.

"எதுக்கு வந்தே?" என்றாள், அடிக்குரலில்.

"பெட்டி தூக்க ஆள் பத்தலைன்னா ஒரு தோள் குடுக்கலாம்னு..."

"ஒருதடவ நீ புதைச்சது போதும்."

அவன் கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டான். அடுப்படியில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எர்மிலா, "யாருடி அது? சாவு வீட்டுக் காப்பின்னா தெரியாதவனெல்லாம் மோப்பம் பிடிச்சு வந்துடுவான்" என்றாள்.

"நபோரைத் தெரிஞ்சவரு, அக்கா."

அதற்குள் அம்மாவே எழுந்து வந்துவிட்டாள். துக்கத்துக்கு வந்தவரிடம் யார் என்று கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. வழக்கம்போல இரண்டு கையையும் பற்றக் கையை நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். அம்மா குனிந்து பார்த்தாள். அந்தப் படத்தை அவளும்தான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பாதி விரலின் மேல் அவள் விரல் நின்றது.

கையை விடவில்லை.

"எம்புள்ளைய வீட்டுக்கு அனுப்பிவெச்சவங்க நல்லா இருக்கட்டும்" என்றாள். "சாப்பிட்டியா தம்பி?"

 அவன் முகம் கோணியது.  இவன் வாயைத் திறந்திராவிட்டால் அம்மா இன்றும் கம்பியோடு காட்டில்தான் அலைந்துகொண்டிருப்பாள். மன்னிக்க ஒஃபேலியாவால் ஆகாது. நன்றி மறக்கவும் ஆகவில்லை. இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றி அவன் பையில் திணித்தாள்.

வாசலிலிருந்து எவெலியோ உள்ளே வந்தான். "கெளம்ப நேரமாச்சு. ஒரு ஆள் குறையுது. அந்த அண்ணன் ஒரு மூலையைப் பிடிக்கட்டும்."

"அவருக்குக் கையில அடி. அவரு போகட்டும், விடு" என்றாள் ஒஃபேலியா.

வந்தவன் கொல்லை வழியாகப் போனான். போகும் வழியில் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒஃபேலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, நான்காவது மூலைக்குப் போய்த் தோளைக் கொடுத்தாள். பொம்பளை எதற்கு என்று எவெலியோ வாயெடுத்தான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான்.

பெட்டி லேசாகத்தான் இருந்தது.