மாமியாருக்குக் குச்சிக்கோழி

விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்திலேயே தோவா எலுமிச்சம்புல்லை உரலில் போட்டு இடிக்க உட்கார்ந்துவிட்டாள். அன்று மாமியாரின் திதி. மாமனார் திதி போன மாதம்தான் முடிந்தது. அதற்கு முன்னால் மாமனாரைப் பெற்றவர்கள், அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்த ஒரு பெரிய மாமா. அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் மூத்த மகன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார்கள். மூத்த மகன் கியெம், தோவாவின் புருஷன். சமைப்பது மட்டும் கியெம் இல்லை.

தையல் தொழிற்சாலையில் லீவு கேட்டபோது மேற்பார்வைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செத்தவங்களுக்கே லீவு கேக்கறியே தோவா, உனக்குன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

வலது மணிக்கட்டு இரவெல்லாம் குத்திற்று. இடித்த புல்லோடு பூண்டு, மஞ்சள், மீன் சாறு சேர்த்து, கீற்றுக் கீற்றாக வெட்டிய கோழித் தொடையில் பிசைந்தாள். படையலுக்கு முழுக்கோழி அவித்து வைத்தாலே போதும், ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மாமியார் உயிரோடிருந்த காலத்தில் அவித்த கோழியைச் சீந்தியதில்லை. குச்சியில் கோத்துச் சுட்டதுதான் வேண்டும், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடலைக் குழம்புதான் வேண்டும். ஆகவே அவித்தது முறைக்கு, சுட்டது அவளுக்கு.

கரி மூட்டையோடு கியெம் வந்து நின்றான்.

"இன்னிக்குக் கேப்பீங்கல்ல?" என்றாள் தோவா.

"கேக்கறேன்னு சொன்னேனே."

"போன வருஷமும் சொன்னீங்க."

"போன வருஷம் மழை."

"மழை பெஞ்சா வாய் தொறக்காதா? இதப் பாருங்க, இப்படியே போனா அடுத்த வருஷம் என் படமும் அந்தப் படையல் மேடையில ஏறிடும். அப்ப எனக்கு யாரு சுட்டுப் போடுவாங்கன்னு யோசிச்சு வெச்சுக்குங்க."

கியெம் அடுப்பை ஊத ஆரம்பித்தான். நல்ல மனுஷன்தான். அம்மா பேச்சு வந்தால் மட்டும் ஐந்து வயசுப் பிள்ளையாகிவிடுவான். அம்மா செத்த பிறகும் அது மாறவில்லை.

கியெம் கேட்க வேண்டிய விஷயம் இதுதான். அடுத்த வருஷத்திலிருந்து திதிகளையெல்லாம் தம்பி லோக் தன் வீட்டில் செய்ய வேண்டும். லோக் தா நாங் நகரத்தில் மூன்று மாடி வீடு கட்டியிருந்தான். மேல்மாடியில் படையலுக்கென்றே ஓர் அறை, அதில் பளபளவென்று ஒரு மேடை. போன தடவை தோவா போயிருந்தபோது அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

கடலையை வறுத்து, தோலை ஊதிவிட்டு, பாதியைப் பொடியாகவும் பாதியைக் குறுணையாகவும் இடித்தாள். எண்ணெயில் பூண்டு சிவந்ததும் அரைத்த ஈரலைப் போட்டு, சோயா விழுதையும் கடலையையும் சேர்த்து, ஒட்டரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினாள். கையை எடுத்தால் அடிபிடிக்கும். உப்புப் பார்க்கவும் முடியாது. செத்தவர் சாப்பிடுமுன் இன்னொரு நாக்கில் படக்கூடாது, எல்லாம் மூக்கை நம்பித்தான். உயிரோடிருந்தபோதும் மாமியாருக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. செத்ததால் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை.

பத்து மணிக்கு மேல் லோக்கும் அவன் மனைவி குயெனும் காரில் வந்து இறங்கினார்கள். குயெனுக்கு வங்கியில் வேலை. கையில் பழக்கூடை, நகத்தில் புதுச் சாயம். வந்தவள் சும்மாயிராமல் குச்சி கோக்க உட்கார்ந்தாள், பாவம், இரண்டாவது குச்சியிலேயே விரலைக் குத்திக்கொண்டாள்.

தோவா கியெமை நம்பிக் காத்திருக்கவில்லை. நேராகவே பேச்சை எடுத்தாள்.

"எனக்கென்ன அண்ணி, நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்றான் லோக். "அம்மா பாவம், பழகின வீட்ட விட்டுட்டு அங்க வந்தா வழி தெரியாம அலைவாங்களேன்னுதான்."

"வழி கேட்டுக்கிட்டு வருவாங்க. கேக்கறதுக்கெல்லாம் அத்தைக்கு என்னிக்குக் கூச்சம் இருந்தது?"

நாற்காலியில் சாய்ந்திருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். செத்தவளின் கொழுந்தனார், இருப்பவர்களில் பெரியவர். "எதுக்கு வாக்குவாதம்? படத்துல இருக்கற எங்க அண்ணிகிட்டயே காசு போட்டுக் கேட்டுடுவோம். சரின்னா லோக் எடுத்துக்கட்டும். இல்லைன்னா இனிமே இந்தப் பேச்சே வரக்கூடாது. என்ன, சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் குயென் சட்டென்று. மாமியார் மூத்த மகனை விட்டு அசையமாட்டாள் என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. தோவாவுக்கும் அதே நம்பிக்கைதான். ஆனால் வேறு வழியில்லை, தலையாட்டினாள்.

அடுப்படியில் குந்தி ஒவ்வொரு குச்சியாகத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். கொழுப்பு சொட்டிப் புகை கிளம்பிற்று. கண்ணில் வழிந்தது புகையால் மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. காசு மாட்டேன் என்று விழுந்தால் இந்தப் புகைதான் ஆயுசுக்கும். அதற்கு மேல் நினைக்கக்கூடத் தெம்பில்லை.

படையல் வைத்தாயிற்று. ஊதுபத்தி எரிந்து அடிக்கு வந்ததும் கியெம் மேடை முன் மண்டியிட்டான். இரண்டு செப்புக்காசுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியது. ஒன்று வெள்ளையும் ஒன்று செம்புமாக விழுந்தால் செத்தவர் ஆமாம் என்கிறார். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. கியெம் கண்ணை மூடி வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான். காசுகள் தட்டில் விழுந்து சுற்றி நின்றன.

ஒன்று வெள்ளை. ஒன்று செம்பு.

"சரின்னுட்டாங்க," என்றார் சித்தப்பா. "மொதல் தடவையிலயே."

லோக் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தான். குயெனின் முகத்தில் ஈயாடவில்லை. தோவா துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தையல் மெஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

சாப்பாட்டில் உப்பு ஒரு மாற்றுக் குறைவு என்று சித்தப்பா சொன்னார். மீன் சாற்றுக் கிண்ணம் கைமாறிற்று. அப்பளம்போல் மெல்லிய அரிசித்தாளில் கீரையும் கோழியும் சுற்றிக் குழம்பில் முக்கி எல்லாரும் மளமளவென்று உள்ளே தள்ளினார்கள்.

பாத்திரம் எடுக்க வந்த குயென் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இது எந்தப் பதத்துல எறக்கணும்?"

"எண்ணெ பிரிஞ்சு ஓரத்துல நிக்கும். அப்ப."

"வங்கியில இதுக்கெல்லாம் லீவு குடுப்பாங்களான்னே தெரியல."

அவள் குரலில் இருந்த அயர்ச்சி தோவாவுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். "லோக்கை இடிக்கச் சொல்லு. அவனுக்கும் கை இருக்கில்ல," என்றாள். சொன்னாளே தவிர மனசு சங்கடப்பட்டது.

குயென் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனதும் கியெம் மெதுவாக உள்ளே வந்தான். முழங்காலில் ஊதுபத்திச் சாம்பல்.

"தோவா. நான் அதக் கேக்கல."

"எத?"

"தம்பி வீட்டுக்குப் போறியாம்மான்னு. கேக்கத்தான் நெனச்சேன். அவங்க படத்தப் பாத்தா வாய் வரல. வழக்கமா கேக்கறதத்தான் கேட்டேன். சாப்ட்டாச்சாம்மான்னு."

தோவாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டது. வெளியே குயென் சட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"இப்பப் போயி மறுபடி போட்டுக் கேக்கட்டுமா?" என்றான். "எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டு?"

"சாப்ட்டாச்சுன்னுதான சொன்னாங்க?"

"ஆமா. மொதல் தடவையிலயே."

உயிரோடிருந்தவரை மாமியார் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு நாளும் வந்ததில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவாள், அவ்வளவுதான். போதுமா, இன்னும் வேண்டுமா, பிடித்ததா, ஒன்றும் தெரியாமல் தோவா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனையோ.

"வேண்டாம்," என்றாள். "சாப்ட்டவங்க படுத்திருப்பாங்க. எழுப்பாதீங்க."

அடுப்பில் மிச்சமிருந்த கரியின்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு அவளும் உள்ளே போய்ப் படுத்தாள்.