வெறுந்தண்ணீர் வரிசை

"இது என்ன, மாடத்தியக்கா?"

கூண்டிலிருந்து அள்ளிய உமியை வரலக்ஷ்மி காகிதத்தில் பரப்பியிருந்தாள். நடுவில், கண்ணோடு ஒரு சின்னத் தலை.

"நெத்திலித் தலை, மேடம்."

"எலிக் கூண்டுக்குள்ள நெத்திலி எப்படி வந்தது?"

"கருவாடு மேடம். நாந்தான் போட்டேன்." கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமாடத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "தெனமும் கொஞ்சம். உப்பக் கழுவித்தான் போடுதேன்."

தூத்துக்குடியில் அந்த ஆய்வுக்கூடத்தில் கோடை முழுக்க வரலக்ஷ்மி நடத்திய சோதனை இது. மருந்து கொடுத்து எலிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றி, ஒரு வரிசைக் கூண்டுகளுக்குத் தாதுக்கள் சேர்த்த தண்ணீர், எதிர்வரிசைக்குச் சாதாரணத் தண்ணீர் என்று வைத்திருந்தாள். தாதுத் தண்ணீர் குடித்தவற்றுக்கு அமிலம் வெகுவாகக் குறைந்திருந்தது. தண்ணீர்க் கம்பெனி முதலாளி தங்கதுரையிடம் நேற்றுதான் அதைப் போனில் சொல்லியிருந்தாள்.

"எல்லாக் கூண்டுக்கும் போட்டீங்களா?"

"நல்ல தண்ணி குடிக்கிறதுக்கு எதுக்கு? வெறுந்தண்ணி வரிசைக்கு மட்டுந்தான்."

"ஏன்?"

"ஏனா? கண்ணு முன்னாலயே அந்த வரிசைக்கு நீல பாட்டில், இந்த வரிசைக்குக் கொழாத்தண்ணி. பந்தியில ஒரு எலைக்குப் பாயாசம் ஊத்திட்டு அடுத்த எலையத் தாண்டிப் போவாங்களா மேடம்? பாவம்லா?"

"கருவாடு தின்னா யூரிக் ஆசிட் ஏறும்! வித்தியாசம் தண்ணியால வந்துதா, கருவாட்டால வந்துதான்னு இனிமே யாருக்குத் தெரியும்? தீனியைத் தவிர ஒண்ணும் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"கருவாடும் தீனிதான மேடம்?"

அதற்குள் தங்கதுரை உள்ளே வந்துவிட்டார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தவர், ஒரு தாளை மேசைமேல் விரித்தார். நீல நிறத்தில், பெரிய எழுத்தில்: 'யூரிக் அமிலத்தைக் குறைக்கும் குடிநீர்.'

"லேபிள் அடிச்சாச்சு மேடம். சாயங்காலம் ஒட்டிருவானுவ. நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"இத ஒட்டக் கூடாது அண்ணாச்சி."

அவள் நெத்திலித் தலையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தேவிட்டார்.

"நல்லதாப் போச்சு! நம்ம ஆளுவ கருவாடு திங்காமலா இருக்கானுவ? தருவைகுளத்துல இருந்து பெரியதாழை வரைக்கும் கடக்கரை பூரா அதானே சாப்பாடு? நீங்களே வேணும்னு வச்சுப் பாத்ததா எழுதிருங்க."

"கருவாடு தின்ன எலி உங்க தண்ணியக் குடிக்கல. உங்க தண்ணியக் குடிச்சது கருவாட்டக் கண்ணால பாக்கல. இதுல என்னத்த எழுத?"

தங்கதுரை சுடலைமாடத்தி பக்கம் திரும்பினார். "ஏளா, ஒன்னாலதான் என் பொழப்பு நாறுது!"

"கழுவித்தான அண்ணாச்சி போட்டேன்," என்றாள் சுடலைமாடத்தி.

"அவங்கள ஏன் வையிறீங்க? எந்தக் கூண்டுக்கு எந்தத் தண்ணின்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. வெளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணும்னு உங்க கம்பெனி நீல பாட்டில மாட்ட வச்சது நீங்க. சரின்னு தலையாட்டுனவ நான். என்னச் செருப்பால அடிக்கணும்."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? நானே இதத்தான் குடிக்கேன். மூட்டு வலிக்கு டாக்டர் குடுத்த யூரிக் ஆசிட் மாத்திரைய நிறுத்தி மாசக்கணக்காச்சு, தெரியுமா?"

வரலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். பெருவிரல் மூட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. செருப்பின் வாரைக்கூட அவர் மாட்டவில்லை.

"நிறுத்துன பிறகு ரத்தம் டெஸ்ட் பண்ணுனீங்களா?"

"எனக்கு எதுக்கு? அதான் நீங்க எலிக்குப் பாக்கியள்லா?"

அவள் அந்தத் தாளைக் கசக்கி அவர் கையிலேயே திணித்தாள்.

"எலியக் காட்டி மனுஷன் மாத்திரைய நிறுத்துவானா? தண்ணிய விக்கிற நீங்களே நிறுத்திட்டீங்க. இதப் படிச்சிட்டு வாங்குறவன் நிறுத்த மாட்டானா? கையெழுத்துப் போட மாட்டேன். போங்க!"

"ஊர்ல வேற லேப் இல்லையா?"

"தாராளமாப் போங்க. அங்கயும் வந்து கருவாட்டுக் கதையச் சொல்லுவேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க! படிச்ச திமிரு!"

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் முனகல் கேட்டது. வரலக்ஷ்மி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி!"

இரங்கிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு, இது குறைக்கும்னு எவன்கிட்ட போய் சொல்லுவீங்க? முதல்ல டாக்டரப் போய்ப் பாருங்க. மாத்திரையப் போடுங்க!"

"ஒங்க வேலையப் பாருங்க மேடம்!"

அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் கத்தினார்.

"என்னது? லேபிள ஒட்டுதீங்களா? யாருல ஒட்டச் சொன்னா?"

"நீங்கதான அண்ணாச்சி காலையில..." என்று அந்தப் பக்கத்துக் குரல் மேலே வரை கேட்டது.

"வாய மூடுல! ஒட்டுனதப் பூரா பிய்ச்சு எறிங்கல!"