இசி ரூமா

பதிவு மூட இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கோயில் மண்டபத்தில் மடிக்கணினியைத் திறந்தபோது நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. மூன்று மாதமாக யாரும் அவசரப்படவில்லை. கடைசி இரண்டு நாளில் பீடோங் ஊரே வந்துவிட்டது.

ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியும் தன் வீட்டாரைப் பற்றியும் விவரங்களைப் பதியும்படி அரசாங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் கேட்டிருந்தது. அந்தப் பதிவுக்கு வைத்த பெயர் பாடு. மலாயில் அது எதையோ சுருக்கிய பெயர். எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மகளிர் சங்கச் செயலாளர் குணசுந்தரி அக்கா வாசலில் நின்று எண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. பட்ட பாடெல்லாம் சொல்லுங்க, சாந்தினி எழுதிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர்வேதியியல் படித்துவிட்டு லூனாஸில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, கசிகிறதா என்று பார்க்கும் வேலை. அங்கே பேச வேண்டியதில்லை. இங்கே பேச வேண்டியிருந்ததால் சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்து, எல்லோரிடமும் அவற்றையே சொன்னேன்.

ஓய்வு பெற்ற ஒருவர் பணம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டார். பணம் வருவதாக யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு எதற்கு ஐசி, அடையாள அட்டையெல்லாம் கேட்கிறார்கள் என்றார். ஒரு பெண் சம்பளத்தைக் குறைத்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்த கணவன் அதைத் திருத்தினான். இருவரும் வெளியே போய் நிறைய நேரம் கழித்து வந்து, அவள் சொன்னதையே போடச் சொன்னார்கள். செம்பனைப் பழ லோரிகள் வைத்திருக்கும் பக்கிரிசாமி பதிய வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என் அப்பா அவருடைய லோரி ஒன்றைத்தான் ஓட்டுகிறார்.

"இதெல்லாம் டீசல் எண்ணெ வெலய ஏத்துறதுக்குத்தான். எத்தன லோரின்னு கேப்பான். நீ சொல்லுவ. அப்புறம் நீயே அழுவ."

"சொல்லாட்டி தெரியாதாண்ணே?" என்றார் குணசுந்தரி அக்கா. "லோரிய என்ன சட்டப் பையிலயா வெச்சிருக்கீங்க?"

மாலையில் அவரும் ஐசியை நீட்டினார்.

எல்லோரும் தடுமாறியது ஒரே கேள்வியில். 'இசி ரூமா' எத்தனை பேர்? வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பொருள். 'இசி' என்றால் உள்ளே இருப்பது. நிரப்பு என்று சொல்லவும் அதே சொல்தான். விண்ணப்பப் பாரத்தை 'இசி' பண்ணு என்பார்கள். எளிய கேள்விதான். ஆனால் ஒருவர் மருமகளை விட்டுவிட்டு எண்ணினார். இன்னொருவர் பினாங்கில் குடும்பத்தோடு இருக்கும் மகனைச் சேர்த்துக்கொண்டார். நான் என் தயார் வாக்கியத்தைச் சொன்னேன். இப்போது உங்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் மட்டும்.

எங்கள் வீடு இன்னும் பதியப்படவில்லை.

அம்மா ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்தான் வர வேண்டும், அதுவும் அவர் வந்து பதிந்தால்தான் சரி என்பது அம்மாவின் எண்ணம். அப்பா தள்ளிக்கொண்டே போனார். முதலில் லோரி பழுது என்றார். பிறகு பழம் இறக்கும் ஆலையில் நீண்ட வரிசை என்றார். பிறகு காரணம் எதுவும் சொல்லவில்லை. முதலாளி சொன்னதைக் கேட்டுப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

அம்மாவுக்கு அந்தப் பதிவு தம்பிக்காக வேண்டியிருந்தது. தினேஸ்வரன் போன ஆண்டு ஏப்ரலில் பேங்காக்கில் கணினி வேலை என்று போனான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் எண் வேலை செய்யவில்லை. அதே சமயத்தில் கூலிமுக்கு ஒரு பையன் தப்பி வந்திருந்தான். தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் உயரமான மதில் போட்ட கட்டடங்களில் ஆட்களை அடைத்து வைத்து, போனில் மற்றவர்களை ஏமாற்றச் சொல்கிறார்கள் என்று அவன் சொன்னது பத்திரிகையில் வந்தது. அம்மா அதைக் கத்தரித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். போலீசில் புகார் கொடுத்தார். தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணி கோயிலில் பால்குடம் எடுத்தார். புகாருக்கு ஓர் எண் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

பாடு வந்ததும் அம்மாவுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. வீட்டில் நான்கு பேர் என்று அப்பா எழுதுவார். மூன்று பேர்தான் தங்களைப் பதிவார்கள். அப்போது ஓர் ஆள் குறைவது அரசாங்கத்துக்குத் தெரியும்.

"பேரு இருக்கு, ஆள் இல்லன்னா தேடுவாங்கல்ல? தேடித்தானே ஆவணும்லா?"

கணினியில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றேன். நீ பேரை மட்டும் போடு என்றார். இரவு சாப்பிடும்போது அப்பாவிடமும் அதையே சொன்னார். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான். முன்பெல்லாம் அம்மாவோடு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போவார். போன வாரம் அம்மா தனியாகப் பேருந்தில் போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பா வேலைச் சட்டையில் இருந்தார். குணசுந்தரி அக்கா அவர்களுக்கு எண் கொடுக்கவில்லை.

"நடராஜாண்ணே, சொந்த மகளுக்கே அப்பாயின்மென்டா? போங்க, உக்காருங்க."

பக்கிரிசாமி பின் வரிசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஐசியை மேசைமேல் வைத்தார். தெரிந்த விவரங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முகவரி. வேலை. சம்பளம். அப்பா சொன்னார், நான் தட்டினேன். அந்தக் கேள்வி வந்தது. திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன்.

"இசி ரூமா," என்று அம்மா திருப்பிச் சொன்னார். அம்மாவுக்கு மலாய் கடைக்குப் போதுமான அளவு தெரியும். "வீட்ட நெரப்பச் சொல்லுதா?"

"எத்தன பேருன்னு கேக்குதும்மா."

"நாலு."

நான் நான்கு என்று போட்டேன். ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் என்ற வாக்கியத்தைச் சொல்லவில்லை. அடுத்து மற்ற மூவரின் பெயர்களைக் கேட்டது. சீதாலட்சுமி. சாந்தினி. தினேஸ்வரன். அவன் ஐசி எண் அம்மாவுக்கு மனப்பாடம். பன்னிரண்டு இலக்கங்களையும் நிறுத்தாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் குணசுந்தரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தலையசைத்தார்.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. அதற்கு எதிரே உள்ள கட்டத்தை அவரவரே தட்ட வேண்டும். அது குணசுந்தரி அக்கா போட்ட விதி. நாளைக்கு எண்ணெய் விலை ஏறினால் யாரும் என்னை ஏசக் கூடாது என்பதற்காக. நான் எல்லோருக்கும் வாசித்ததுபோலவே அதை மலாயில் வாசித்து, தமிழில் சொன்னேன். மேலே கொடுத்த தகவல் அனைத்தும் உண்மை.

மற்றவர்கள் நான் முடிப்பதற்குள் தட்டிவிடுவார்கள். அப்பா முழுவதும் கேட்டார். கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் விரலை நீட்டவில்லை.

"மூணு போடு," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவருக்குக் காது அடச்சிருக்கு," என்றார் அம்மா. "நாலுதான். தட்டுங்க."

"மூணு பேரு, சீதா."

அம்மா உடனே கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நான்கு பேர், மூன்று பதிவு, ஒரு குறை. குறை தெரிந்தால் தேடுவார்கள். பிறகு குரல் மாறியது.

"அங்க அடச்சி வெச்சிருக்கான் புள்ளய. பெத்தவரே பேர வெட்டி வுட்டா வேற யாரு தேடுவா?"

பின்னால் செய்தித்தாளின் சத்தம் நின்றது. நான் 'திருத்து' என்ற இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை மங்கியது. விசையைத் தொட்டேன். நான்கு பெயர்களும் மறுபடி தெரிந்தன.

அப்பா ஐசியை எடுத்துச் சட்டைத் துணியில் இரண்டு பக்கமும் துடைத்தார். சட்டைப் பையில் போட்டார். யாரையும் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னார்.

"தைப்பூசத்துக்கு மறுநாளு போன் அடிச்சான். அப்ப நான் ஆலையில லைன்ல நிக்கிறேன். புது நம்பரு."

அம்மாவின் கை மேசை விளிம்பில் இருந்தது.

"யாரும் அடச்சி வைக்கல. நல்லாத்தான் இருக்கான். போலீஸ் ரிப்போட்ட திருப்பி எடுக்கச் சொன்னான். தேட வேணாம், அம்மாகிட்ட நம்பரு குடுக்க வேணாம், இனிமே வரமாட்டேன்னுட்டான், சீதா."